சாலையா, பூங்கா நிலமா? உள்ளாட்சி மன்றம் எப்படி முடிவெடுக்கிறது

உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில் ஒரே நாளில் வந்து மோதிக்கொள்ளும் இரண்டு பொருள்கள் உண்டு. பழுதான சாலைகளைச் சீரமைக்க இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்குவது? விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு காலி நிலத்தைப் பூங்காவுக்காக வாங்கலாமா? இரண்டாவது பொருள் வாசிக்கப்பட்டதும் ஓர் உறுப்பினர் எழுந்து, "சாலையெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடக்கும்போது பூங்காவுக்கு நிலம் எதற்கு?" என்று கேட்பார். பார்வையாளர் வரிசையில் சிலர் தலையசைப்பார்கள். சிலர், பிள்ளைகள் ஓடியாட இடமே இல்லையே என்று முணுமுணுப்பார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானது, கேட்பவரின் கோபமும் நியாயமானது. ஆனால் மன்றத்தின் பணம் முழுவதும் ஒரே பெட்டியில் கிடக்கிறது, நிலத்துக்கு எடுத்தால் சாலைக்குக் குறையும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. உண்மையில் பணம் பல பெட்டிகளில் இருக்கிறது, பல பெட்டிகளுக்குப் பூட்டும் உண்டு. எந்தப் பணத்தை எதற்குத் தொடலாம் என்று தெரிந்துகொண்டால் விவாதத்தில் பாதி விளங்கிவிடும். சாலையும் நிலமும் காலம் போகப்போக வெவ்வேறு விதமாக மாறுகின்றன என்பதைப் பார்த்தால் மீதிப் பாதியும் விளங்கும்.

பணம் வரும் வழிகள்

உள்ளாட்சி அமைப்பின் வரவை இரண்டு கேள்விகளால் பிரித்துப் பார்க்கலாம். முதல் கேள்வி: இந்தப் பணம் ஆண்டுதோறும் வருமா, ஒரு முறை மட்டும் வருமா? சொத்து வரி, விற்பனை வரியில் கிடைக்கும் பங்கு, உரிமக் கட்டணங்கள் ஆகியவை ஆண்டுதோறும் வருபவை. பழைய கட்டடத்தை விற்றுக் கிடைத்த தொகை, மேலே இருக்கும் அரசு ஒரு திட்டத்துக்காகக் கொடுத்த மானியம், யாரோ எழுதிவைத்த நன்கொடை ஆகியவை ஒரு முறை வருபவை. இரண்டாவது கேள்வி: இதை விருப்பப்படி செலவிடலாமா, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்தானா? பொதுநிதியை மன்றம் தன் விருப்பப்படி ஒதுக்கலாம். ஆனால் சாலைக்கென்று வந்த மானியத்தில் ஊஞ்சல் வாங்க முடியாது, பூங்காவுக்கென்று வசூலித்த கட்டணத்தில் தார் ஊற்ற முடியாது. அப்படிச் செய்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள், சில இடங்களில் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நேரும்.

சாலைக்கான பணத்துக்கு உலகம் முழுவதும் பழக்கமான ஒரு வழி, வண்டி ஓட்டுபவர்களிடமே வாங்குவது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1919-ல் பெட்ரோலுக்கு ஒரு கேலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டு, அதைச் சாலைக்கென்று ஒதுக்கியது. சில ஆண்டுகளுக்குள் மற்ற மாநிலங்களும் அதையே பின்பற்றின. சாலையைப் பயன்படுத்துபவர் அதற்குப் பணம் கொடுக்கிறார் என்பதால் கேட்கும்போதே சரியென்று தோன்றும் ஏற்பாடு இது. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. லிட்டருக்கோ கேலனுக்கோ இவ்வளவு என்று நிலையாக வைத்த வரி, விலைவாசி ஏற ஏறத் தன் மதிப்பை இழக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993-லிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டாகவே நிற்கிறது. அதே காலத்தில் தாரும் கூலியும் எவ்வளவோ ஏறிவிட்டன. போதாக்குறைக்கு வண்டிகள் குறைந்த எரிபொருளில் அதிக தூரம் போகின்றன, மின்சார வண்டிகள் பெட்ரோலே வாங்குவதில்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. இந்த வரியை வசூலிப்பது பெரும்பாலும் மேலே இருக்கும் அரசுகள். வீட்டு வாசலில் ஓடும் தெருக்களோ உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. வசூலித்தவர்கள் மனமுவந்து பங்கு கொடுத்தால்தான் தெருவுக்குத் தார் வரும்.

குறிப்பிட்ட வேலைக்கென்று பூட்டிய பெட்டியும் என்றென்றைக்கும் பூட்டியே இருக்கும் என்று நம்ப முடியாது. பிரிட்டனில் 1920-ல் வாகன வரியைச் சாலைகளுக்கென்று ஒதுக்கும் சாலை நிதி உருவானது. அந்த நிதியில் இருப்பு சேர்ந்ததைப் பார்த்து, 1926-ல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதிலிருந்து பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். 1937 முதல் வாகன வரி நேராகப் பொதுக் கருவூலத்துக்குப் போகத் தொடங்கியது. இப்படிப் பணம் மாறியதைச் சிலர் துரோகம் என்றார்கள். தேவை எங்கே அதிகமோ அங்கே பணம் போகவேண்டும் என்று வேறு சிலர் வாதாடினார்கள். இன்றைய மன்றக் கூட்டங்களிலும் இதே இரண்டு குரல்களைக் கேட்கலாம்.

சாலை ஏன் தள்ளிப்போட முடியாத செலவு

புதிதாகப் போட்ட தார்ச்சாலை முதல் சில ஆண்டுகள் அப்படியே இருப்பதுபோல் தெரியும். வெயிலில் தார் காய்ந்து இறுகுகிறது, மெல்லிய விரிசல்கள் விடுகின்றன. அந்த விரிசல் வழியாக மழைநீர் உள்ளே இறங்கும்வரை பெரிய கேடில்லை. இறங்கிய பிறகுதான் கதை மாறுகிறது. கீழே இருக்கும் சல்லியும் மண்ணும் ஈரத்தில் இளகும், மேலே போகும் சக்கரத்தின் பாரத்தைத் தாங்காமல் அமுங்கும், மேல்தளம் ஆதாரமின்றி உடையும். பல ஆண்டுகள் மெதுவாகச் சரிந்துவந்த சாலை, ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓரிரு மழைக்காலங்களில் சிதைந்துவிடுகிறது.

எனவே சாலைச் செலவு எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. விரிசல் விட்ட நேரத்தில் அதை அடைத்து மேலே மெல்லிய பூச்சு கொடுத்தால் சிறிய தொகையில் முடிந்துவிடும். சற்றுத் தாமதித்தால் மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடவேண்டும். இன்னும் தாமதித்தால் அடித்தளம்வரை தோண்டி மறுபடி கட்டவேண்டும். அதற்கு முதல் வேலையைப்போலப் பல மடங்கு செலவாகும். பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து பராமரிப்பைத் தள்ளிப்போடும் மன்றம் உண்மையில் கடன் வாங்குகிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அந்தக் கடன் ஏறுவதில்லை. நல்ல மனம் படைத்த உறுப்பினர்களும் அதனால்தான் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே, சோதனைக்கென்றே சாலைகள் போட்டு, அவற்றின் மீது லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராயமான விதி இது: ஓர் அச்சின் மீது இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்காக அல்ல, பதினாறு மடங்காகும். ஒரு டன் இறங்கும் கார் அச்சையும் பத்து டன் இறங்கும் லாரி அச்சையும் ஒப்பிட்டால் சேதம் 10,000 மடங்கு. ஆகவே ஒரு தெருவில் எத்தனை வண்டிகள் போகின்றன என்று கேட்பதைவிட, எத்தனை கனரக வண்டிகள் போகின்றன என்று கேட்பது பயன் தரும். குடியிருப்புத் தெரு வழியாக லாரிகள் குறுக்கே போவதைத் தடுக்கும் ஒரு தீர்மானம், செலவே இல்லாமல் அந்தத் தெருவின் ஆயுளைக் கூட்டும்.

எந்தச் சாலையை முதலில் எடுப்பது? மக்கள் மோசமான சாலையைத்தான் முதலில் கேட்பார்கள், அது இயல்பு. ஆனால் முழுவதும் சிதைந்த சாலை இனிப் பெரிதாகக் கெடப்போவதில்லை. இன்றும் அதைத் தோண்டிக் கட்டவேண்டும், அடுத்த ஆண்டும் அதே வேலைதான். நடுத்தர நிலையில் இருக்கும் சாலையோ இந்த ஆண்டு விட்டால் அடுத்த கட்டத்துக்குச் சரிந்துவிடும். அதனால் பொறியாளர்கள் சுமாரான சாலைகளுக்கு முதலில் பணம் கேட்பார்கள். "நல்ல சாலைக்குப் பூச்சு பூசுகிறார்கள், எங்கள் தெருவை விட்டுவிட்டார்கள்" என்ற புகார் உடனே எழும். என் பார்வையில் பொறியாளர் சொல்வது சரி. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லி, சிதைந்த தெருக்களுக்கும் ஒரு சிறு பங்கை ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கி, எந்தத் தெரு எந்த ஆண்டு என்று அட்டவணை வெளியிடவேண்டும். சிதைந்த தெருக்கள் பெரும்பாலும் குரல் இல்லாதவர்கள் வாழும் தெருக்களாக இருக்கின்றன. கணக்கைக் காட்டி அவர்களை மட்டும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பது அநியாயம்.

நிலம் வாங்குவது எப்படி நடக்கிறது

பூங்கா அமைப்பது வேறு, பூங்காவுக்கு நிலம் வாங்குவது வேறு. மரம் நடுவது, நடைபாதை போடுவது, விளையாட்டுக் கருவிகள் வைப்பது எல்லாவற்றையும் பின்னால் செய்யலாம், சிறிது சிறிதாகவும் செய்யலாம். நிலத்தை அப்படி வாங்க முடியாது. உரிமையாளர் விற்க முன்வரும் நாளில் மன்றம் வாங்கவேண்டும். இல்லையென்றால் வீடு கட்டுபவர் வாங்குவார், வீடுகள் எழுந்த பிறகு அவற்றை இடித்துப் பூங்கா அமைக்க எந்த மன்றத்துக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

நடைமுறை பொதுவாக இப்படிப் போகும். நிலம் விற்பனைக்கு வருவதாகத் தெரிந்ததும் அதிகாரிகள் உரிமையாளரிடம் பேசுவார்கள். பட்டியலில் உள்ள ஒரு மதிப்பீட்டாளரை வைத்துச் சந்தை மதிப்பைக் கணக்கிடுவார்கள். சட்டப்பிரிவு வில்லங்கம் பார்க்கும். முன்பு தொழிற்சாலையோ பெட்ரோல் நிலையமோ குப்பைக் கிடங்கோ இருந்த இடம் என்றால் மண்ணைச் சோதிப்பார்கள், ஏனென்றால் நஞ்சு கலந்த மண்ணைத் தூய்மை செய்யும் செலவு நிலத்தின் விலையையே தாண்டிவிடக்கூடும். இவற்றுக்கெல்லாம் அவகாசம் வேண்டும் என்பதால், சிறிய முன்தொகை கொடுத்து, குறிப்பிட்ட மாதங்களுக்குள் இந்த விலைக்கு வாங்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்வதும் வழக்கம்.

விலை பேசும் கட்டத்தை மன்றம் பல இடங்களில் மூடிய அறையில் நடத்துகிறது. மக்களுக்கு இது சந்தேகத்தைக் கிளப்பும். மூடிய அறைக்குக் காரணம் எளியது: மன்றம் எவ்வளவு வரை போகத் தயார் என்று விற்பவருக்குத் தெரிந்துவிட்டால் விலை அங்கேதான் போய் நிற்கும். பேரம் முடியும்வரை ரகசியம் தேவைதான். ஆனால் வாங்குவதா வேண்டாமா என்ற இறுதி வாக்கெடுப்பு திறந்த கூட்டத்தில் நடக்கவேண்டும். அதற்கு முன் மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கைக்கு வரவேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் சந்தேகப்படுவது குடிமக்களின் கடமை. உறுப்பினர்களில் யாருக்காவது அந்த நிலத்திலோ பக்கத்து நிலத்திலோ பங்கு இருந்தால் அவர் அதை அறிவித்து வாக்களிக்காமல் விலகவேண்டும்.

பக்கத்து நிலம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பூங்கா வந்தால் சுற்றியுள்ள மனைகளின் விலை ஏறும். இதைப் பழைய காலத்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரம் 1840-களில் 226 ஏக்கர் நிலத்தை வாங்கி, 125 ஏக்கரைப் பொதுப் பூங்காவாக வைத்துக்கொண்டு, மீதியைச் சுற்றிலும் வீட்டு மனைகளாக விற்றது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த அந்தப் பூங்கா 1847-ல் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கான நிலத்தைப் பெற 1853-ல் மாநிலச் சட்டமன்றம் அனுமதி கொடுத்தபோது, செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியிருந்த நில உரிமையாளர்களிடமே வசூலித்தார்கள். பூங்காவால் அவர்கள் சொத்து மதிப்பு கூடுகிறது, அதில் ஒரு பங்கை ஊருக்குக் கொடுக்கட்டும் என்பது வாதம். இன்றும் பல நாடுகளில் புதிய குடியிருப்புகளைக் கட்டுபவர்களிடம் பூங்காவுக்கென்று நிலமோ கட்டணமோ வாங்குவது இதே நியாயத்தில்தான்.

சென்ட்ரல் பார்க்கின் கதையில் மறக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த நிலம் வெறும் காடாகக் கிடக்கவில்லை. அங்கே ஏறத்தாழ 1,600 பேர் வாழ்ந்தார்கள். 1825 முதல் கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி வீடு கட்டி, தேவாலயங்களும் பள்ளியும் அமைத்திருந்த செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பும் அதற்குள் இருந்தது. 1857-க்குள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். "காலி நிலம்" என்று மன்றத்தின் குறிப்பில் எழுதப்படும்போதெல்லாம், அங்கே யார் இருக்கிறார்கள், யார் ஆடு மேய்க்கிறார்கள், யார் குடிசை போட்டிருக்கிறார்கள் என்று ஒருவராவது எழுந்து கேட்கவேண்டும். விருப்பத்தோடு விற்பவரிடம் வாங்குவதும், சட்ட அதிகாரத்தைக் கொண்டு கையகப்படுத்துவதும் ஒன்றல்ல. பூங்காவுக்காகக் கையகப்படுத்துவதில் எனக்கு மிகுந்த தயக்கம் உண்டு.

நிலத்துக்கு முழுப் பணத்தையும் உள்ளாட்சியே போடவேண்டும் என்பதில்லை. மேலே இருக்கும் அரசு பாதி, உள்ளூர் பாதி என்ற ஏற்பாடுகள் பல நாடுகளில் உள்ளன. அமெரிக்காவில் 1964-ல் சட்டமான நிலம் மற்றும் நீர் பாதுகாப்பு நிதி அத்தகையது, செலவில் பாதிவரை கொடுக்கிறது. அதற்கு ஈடாக ஒரு நிபந்தனை விதிக்கிறது: அந்தப் பணம் தொட்ட இடம் பொதுமக்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கே இருக்கவேண்டும், வேறெதற்காவது மாற்ற நேர்ந்தால் அதே மதிப்புள்ள வேறு நிலத்தை ஈடாகக் கொடுக்கவேண்டும். இப்படிப்பட்ட மானியம் கையில் இருக்கும்போது "நிலத்தை விட்டுவிட்டுச் சாலை போடுவோம்" என்று முடிவெடுத்தால், மேலிருந்து வரும் பாதியும் வராது. சாலைக்குக் கிடைப்பது உள்ளூர்ப் பாதி மட்டும்.

ஒரு கணக்கு

ஓர் ஊரின் பொறுப்பில் 200 கிலோமீட்டர் சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல்தளம் 20 ஆண்டு தாங்கும் என்றால், நிலைமை கெடாமல் இருக்க ஆண்டுக்கு 10 கிலோமீட்டர் புதுப்பிக்கவேண்டும். கையில் இருக்கும் பணம் 6 கிலோமீட்டருக்குத்தான் போதும். ஆண்டுதோறும் 4 கிலோமீட்டர் பாக்கி சேர்கிறது.

இப்போது ஒரு நிலம் விற்பனைக்கு வருகிறது. அதன் விலை 5 கிலோமீட்டர் சாலை போடும் செலவுக்குச் சமம். நிலத்தை விட்டுவிட்டு அந்தத் தொகையைச் சாலையில் போட்டால் என்ன ஆகும்? பாக்கியில் 5 கிலோமீட்டர் குறையும். ஆண்டுக்கு 4 கிலோமீட்டர் வீதம் பாக்கி மறுபடி சேர்ந்துகொண்டே இருப்பதால், பதினைந்து மாதங்களில் ஊர் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நிலமோ அதற்குள் கைமாறியிருக்கும்.

சாலையில் குறைவது ஆண்டு வரவு. ஒரு முறை வந்த பணத்தை அதில் கொட்டினால் அந்தக் குறை தீராது. ஆண்டு வரவைக் கூட்டவேண்டும், அல்லது சாலையின் நீளத்தையோ பாரத்தையோ குறைக்கவேண்டும். புதிய சாலை போடுவதாக வாக்களிக்கும் ஒவ்வொரு முறையும் 20 ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவையும் சேர்த்தே வாக்களிக்கிறோம். இது நிலம் வாங்கும் விவாதத்தில் மட்டும் நினைவுக்கு வருவதும், சாலையை அகலப்படுத்தும் விவாதத்தில் மறந்துபோவதும் எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

இந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். கையில் ரொக்கம் இல்லாமல் 20 ஆண்டுக் கடனில் நிலத்தை வாங்கினால், ஆண்டுதோறும் கால் கிலோமீட்டர் சாலைக்கான அசலும் அதற்கு மேல் வட்டியும் பொதுநிதியிலிருந்து போகும். அப்போது அது சாலையின் ஆண்டுப் பணத்தோடு உண்மையிலேயே போட்டியிடுகிறது. நிலம் வாங்கிய பின் வேலி, விளக்கு, துப்புரவு, காவலாளி என்று ஆண்டுச் செலவும் தொடங்குகிறது, தனியார் கையில் இருந்தபோது வந்த சொத்து வரியும் நின்றுபோகிறது. பூங்காவை விரும்புபவர்கள் இதை மறைக்கக்கூடாது. பராமரிக்க ஆளில்லாத பூங்காவில் மாலை நேரத்தில் பெண்களும் முதியவர்களும் கால் வைக்க அஞ்சுவார்கள். நிலத்தின் விலையோடு பத்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் அறிக்கையில் காட்டாத மன்றம் அரைகுறைக் கணக்கைத்தான் காட்டுகிறது.

இரண்டையும் ஒன்றாகக் கேட்ட நகரம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளின் அடிவாரத்தில் பௌல்டர் என்ற நகரம் இருக்கிறது. 1960-களில் அது வேகமாக வளர்ந்தது. மலைச்சரிவு நோக்கி வீடுகள் ஏறத் தொடங்கின. சாலைகளும் போதவில்லை. மலைச்சரிவைக் காக்கவேண்டும் என்றவர்களும் சாலை வேண்டும் என்றவர்களும் அங்கேயும் இருந்தார்கள். 1967 நவம்பரில் நகரம் ஒரு விற்பனை வரியை மக்கள் வாக்குக்கு விட்டது. மொத்தம் ஒரு சதவீதம். அதில் 0.4 திறந்தவெளி நிலம் வாங்க, 0.6 சாலைப் போக்குவரத்துக்கு. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். திறந்தவெளி நிலம் வாங்குவதற்கென்று தனக்குத்தானே வரி போட்டுக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் அதுதான். நகரத்தின் பொறுப்பில் இன்று 45,000 ஏக்கருக்கு மேல் திறந்தவெளி இருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது ஏக்கர் கணக்கல்ல, கேள்வி வைக்கப்பட்ட விதம். சாலைக்காரர்களும் நிலத்துக்காரர்களும் ஒரே தீர்மானத்துக்கு வாக்களித்தார்கள். இரண்டு தேவைகளுக்கும் ஆண்டுதோறும் ஓடிவரும் தனித்தனி வரவு கிடைத்தது. நிலம் விற்பனைக்கு வரும்போது பணத்தைத் தேடி ஓடவேண்டியதில்லை. பின்னாளில் பங்கை மாற்றலாமா என்று மக்கள் மீண்டும் வாதாடலாம். ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பள்ளத்தைக் காட்டி நிலத்தை நிறுத்துவதும், ஒவ்வொரு நிலத்தைக் காட்டிப் பள்ளத்தை மறப்பதும் ஓயும். பௌல்டரில் வீட்டு விலை மிக உயர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். நகரைச் சுற்றி நிலத்தைக் கட்டடத்திலிருந்து விலக்கிவைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். திறந்தவெளி வாங்கும் ஊர், ஊருக்குள் அடர்த்தியாகக் கட்டவும் இடம் கொடுக்கவேண்டும்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது

இறுதி வாக்கெடுப்பு நாளில் திரளாகப் போய் முழங்குவது பெரும்பாலும் காலம் கடந்த வேலை. முடிவுகள் அதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. ஐந்தாண்டு மூலதனச் செலவுத் திட்டம் தயாராகும்போது ஒரு முறை, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் வரைவு வரும்போது ஒரு முறை, நிதிக் குழுவோ பணிக் குழுவோ பரிந்துரை எழுதும்போது ஒரு முறை என்று மூன்று வாசல்கள் திறக்கும். அங்கெல்லாம் பார்வையாளர் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். ஒருவர் போய்ப் பேசினாலும் அது பதிவாகும்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் இன்னும் முன்னால் போய், முதலீட்டுப் பணத்தில் எதை முதலில் எடுப்பது என்பதைப் பகுதி வாரியான மக்கள் கூட்டங்களிலேயே தீர்மானிக்க விட்டது. ஏழைக் குடியிருப்புகளின் மக்கள் தெருவுக்குத் தளமும் கழிவுநீர்க் குழாயும் கேட்டுப் பெற்றார்கள். இந்த முறை பின்னர் உலகின் பல நகரங்களுக்குப் பரவியது.

கேட்கவேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. இந்தப் பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது, வேறு வேலைக்கு அதைச் செலவிட முடியுமா? முடியாது என்றால் "சாலையா, பூங்காவா" என்ற வாதமே எழாது. சாலைகளின் நிலை குறித்த கடைசிக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, பாக்கி கூடுகிறதா, குறைகிறதா? நிலத்தின் மதிப்பீட்டை யார் செய்தார்கள்? அந்தப் பகுதியில் ஏற்கெனவே எத்தனை பேருக்கு நடந்துபோகும் தூரத்தில் பூங்கா இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். வசதியான பகுதியில் மூன்றாவது பூங்காவுக்கு நிலம் வாங்குவதும், நெரிசலான பகுதியில் முதல் பூங்காவுக்கு நிலம் வாங்குவதும் தீர்மானப் புத்தகத்தில் ஒரே மாதிரியாகத்தான் தெரியும்.

தீர்மானம் நிறைவேறிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நிலம் பூங்காவுக்கென்று வாங்கப்பட்டது என்பது பத்திரத்திலும் நகரத் திட்ட வரைபடத்திலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெங்களூருவில் ஒரு குடியிருப்புத் திட்டத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. திட்ட வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்றே குறிக்கப்பட்டிருந்தது அவர்கள் வாதத்துக்கு அடிப்படையாக இருந்தது. "பொதுப் பயன்பாட்டுக்கு" என்று மட்டும் எழுதி வாங்கிய நிலத்தில் நாளை வாகன நிறுத்தமோ அலுவலகக் கட்டடமோ எழுந்தால் கேட்பதற்குப் பிடி இருக்காது. தீர்மானத்தின் வாசகம் வரைவாக இருக்கும்போதே அதை வாங்கிப் படித்து, பூங்கா என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுத்துமூலம் மனு கொடுக்கலாம்.